விதிகள் தெரிந்தும் ஆங்கில வாக்கியம் ஏன் பிழைபடுகிறது?

வாசகர் கேள்வி: தமிழ்வழியில் படித்துப் பட்டம் பெற்றவன் நான். இப்போது அலுவலகத்தில் அறிக்கைகளையும் மின்னஞ்சல்களையும் ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கிறது. இரண்டு இலக்கண நூல்களை முழுவதுமாகப் படித்திருக்கிறேன்; காலங்களின் அட்டவணை எனக்கு மனப்பாடம். நான்கு விடைகளைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் சரியாகத் தேர்ந்தெடுத்துவிடுவேன். ஆனால் நானாக எழுதும்போது அதே பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. மேலாளர் சிவப்பு மையால் திருத்திய 14 வாக்கியங்களை இணைத்துள்ளேன். ஆங்கிலத்திலேயே சிந்தித்தால் பிழை வராது என்கிறார் ஒரு நண்பர். வாக்கியத்தை ‘அண்ட்’, ‘பட்’ என்று தொடங்கவே கூடாது என்கிறார் இன்னொருவர். திருத்தித் தரும் மென்பொருள் இருக்கும்போது இலக்கணம் எதற்கு என்கிறார் மூன்றாமவர். நான் எங்கிருந்து தொடங்குவது?

அன்புள்ள வாசகருக்கு,

வணக்கம். நீங்கள் அனுப்பிய 14 வாக்கியங்களையும் பொறுமையாகப் படித்தேன். பிறர் எழுதும் ஆங்கிலத்தைச் செம்மை செய்வதே என் தொழில் என்பதால், பிழையான வாக்கியம் ஒன்றைக் கண்டால் அதைத் திருத்துவதற்கு முன், எழுதியவர் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அப்படிப் பார்த்தபோது, உங்கள் வாக்கியங்களில் 11 வாக்கியங்களுக்கு அடியில் துளியும் குற்றமில்லாத தமிழ் வாக்கியம் ஒன்று இருப்பது தெரிந்தது. ஒரு மொழியின் இலக்கணம் உங்களுக்கு மிக நன்றாகத் தெரிந்திருப்பதுதான் இன்னொரு மொழியில் எழுதும்போது உங்களை இடறச் செய்கிறது. தேர்வில் நான்கு விடைகள் கண்முன் இருப்பதால் தமிழ் குறுக்கிடுவதில்லை. வெற்றுத்தாளில் எழுதும்போது முதலில் எழுவது தமிழ் வாக்கியம்தான்.

ஆகவே, ஆங்கிலத்திலேயே சிந்தியுங்கள் என்ற அறிவுரையை நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. ஆங்கிலத்தில் பல ஆண்டுகள் பேசி, படித்து, எழுதிய பிறகு தானாக வந்து சேரும் ஒரு நிலையை, தொடங்கும்போதே கைக்கொள்ளச் சொல்லும் அறிவுரை அது. நீச்சல் தெரிந்த பிறகு தண்ணீரில் இறங்கு என்பதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடில்லை. அதைவிடப் பயனுள்ள வழி, தமிழ் வாக்கியமும் ஆங்கில வாக்கியமும் எந்த இடங்களில் ஒன்றாக நடக்கின்றன, எந்த இடங்களில் பிரிகின்றன என்பதைக் கண்டுகொள்வது. ஒன்றாக நடக்கும் இடங்களில் உங்கள் தமிழே உங்களுக்கு இலக்கண ஆசிரியராக இருக்கும். பிரியும் இடங்களில் மட்டும் விழிப்பாக இருந்தால் போதும்.

ஒன்றாக நடக்கும் இடத்திலிருந்து தொடங்குகிறேன். ‘தி கஸ்டமர் டிட் நாட் ரிசீவ்டு தி பார்சல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நடந்து முடிந்த செய்தி என்பதால் வினையை இறந்தகாலத்தில் வைத்துவிட்டீர்கள். இதையே தமிழில் எழுதும்போது ‘பெறவில்லை’ என்றுதானே எழுதுவீர்கள்? ‘பெற்றவில்லை’ என்று எழுத உங்கள் கை வராது. ‘பெற’ என்பது காலம் காட்டாத எச்சம். அதன்மேல்தான் ‘இல்லை’ வந்து சேர்கிறது. ஆங்கிலத்திலும் அதே ஏற்பாடுதான்: காலத்தை ‘டிட்’ சுமந்துகொள்வதால், பின்னால் வரும் வினை ‘ரிசீவ்’ என்று வெறுமையாக நிற்க வேண்டும். ‘டஸ்’ வரும்போதும் இதுவே நடக்கிறது; ‘நோஸ்’ என்பதன் இறுதியில் இருக்கும் ‘எஸ்’ இடம்பெயர்ந்து ‘டஸ்’ உடன் ஒட்டிக்கொள்வதால் ‘ஹி டஸ் நாட் நோ’ என்று எழுதுகிறோம். ஒரு சுமையை இருவர் தலையிலும் ஏற்ற வேண்டியதில்லை என்று நினைவில் வைத்துக்கொண்டால், ‘கேன் ஏபிள் டு’ என்ற, நம்மிடையே மிகப் பரவலான பிழையும் மறைந்துவிடும். ‘கேன்’ என்றாலே ‘முடியும்’. ‘ஏபிள் டு’ என்றாலும் ‘முடியும்’. இரண்டையும் சேர்த்தால் ‘செய்ய முடிய முடியும்’ என்றாகிறது.

‘இஃப்’ வரும் வாக்கியங்களும் அப்படித்தான். ‘இஃப் தி ஸ்டாக் வில் கம் டுமாரோ’ என்று எழுதியிருக்கிறீர்கள். நாளை நடக்கப்போவது என்பதால் ‘வில்’ போடத் தோன்றுவது இயல்பே. ஆனால் தமிழில் ‘நாளை சரக்கு வந்தால்’ என்கிறோம். ‘வரும்’ என்ற எதிர்காலம் அங்கே தலைகாட்டுவதில்லை. ‘வந்ததும் சொல்கிறேன்’ என்பதிலும், நடக்கப்போகும் வரவைத்தான் குறிக்கிறோம் என்றாலும், எதிர்காலக் குறி இல்லை. எதிர்காலத்தை முதன்மை வினையிடம் விட்டுவிட்டு, சார்ந்து நிற்கும் வினையை இலேசாக வைப்பது இரண்டு மொழிகளுக்கும் பொது. ஆங்கிலம் அதற்கு நிகழ்காலத்தைப் பயன்படுத்துகிறது: ‘இஃப் தி ஸ்டாக் கம்ஸ் டுமாரோ, வீ வில் இன்ஃபார்ம் யூ.’ காலத்தைக் குறிக்கும் ‘வென்’, ‘ஆஃப்டர்’, ‘அன்டில்’, ‘அஸ் சூன் அஸ்’ ஆகியவற்றின் பின்னாலும் இதுவே முறை.

இனி, பிரியும் இடங்கள். உங்கள் வாக்கியங்களில் மிக அதிகமான சிவப்பு மை காலம் தொடர்பாகத்தான் சிந்தியிருக்கிறது. ‘ஐ ஹேவ் சென்ட் தி ரிப்போர்ட் எஸ்டர்டே’ என்பதை எடுத்துக்கொள்வோம். தமிழில் ‘அறிக்கையை நேற்றே அனுப்பியிருக்கிறேன்’ என்பது முற்றிலும் சரி. ‘இருக்கிறேன்’ என்ற துணைவினைக்கும் ‘நேற்று’ என்ற சொல்லுக்கும் தமிழில் பகை இல்லை. ஆங்கிலத்தில் பகை உண்டு. ‘ஹேவ் சென்ட்’ என்பதற்கு நம் பள்ளி நூல்கள் என்ன பெயர் சூட்டினாலும், அது நிகழ்காலத்தின் உறவினர். அனுப்பிய செயல் முடிந்துவிட்டது, அதன் விளைவு இப்போது கையில் இருக்கிறது என்பதே அதன் பொருள். இப்போதைப் பற்றிப் பேசும் வினையின் அருகில், முடிந்துபோன நேரத்தைச் சுட்டும் ‘எஸ்டர்டே’, ‘லாஸ்ட் வீக்’, ‘டூ டேஸ் அகோ’, ‘இன் 2019’ போன்ற சொற்கள் அமர முடியாது. நேரத்தைச் சொல்ல வேண்டுமானால் ‘ஐ சென்ட் தி ரிப்போர்ட் எஸ்டர்டே’. நேரம் முக்கியமில்லை, அறிக்கை வந்து சேர்ந்துவிட்டது என்பதே முக்கியமென்றால் ‘ஐ ஹேவ் சென்ட் தி ரிப்போர்ட்.’ பிரிட்டனில் ‘ஹேவ்’ இட்டு எழுதும் சில இடங்களில் அமெரிக்கர்கள் எளிய இறந்தகாலத்தையே எழுதிவிடுவார்கள் என்றாலும், ‘எஸ்டர்டே’ உடன் ‘ஹேவ்’ சேர்ப்பதை இரு தரப்பினரும் ஏற்பதில்லை. ஆகவே எழுதிய வாக்கியத்தில் ‘ஹேவ்’ அல்லது ‘ஹேஸ்’ இருந்தால், உடனே அந்த வாக்கியத்தில் முடிந்துபோன நேரச்சொல் ஏதேனும் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் இரண்டில் ஒன்றை வெளியே அனுப்புங்கள்.

‘ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019’ என்பது இதற்கு நேர் எதிரான பிழை. 2019 முதல் இங்கே வேலை செய்கிறேன் என்று தமிழ் நிகழ்காலத்திலேயே சொல்லி முடித்துவிடுகிறது. ஆங்கிலமோ, அன்று தொடங்கி இன்றுவரை நீளும் செயலுக்குத் தனி வடிவம் கேட்கிறது: ‘ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019.’ இங்கே ‘சின்ஸ்’, ‘ஃபார்’ இரண்டுக்கும் இடையில் பலரும் தடுமாறுகிறார்கள். உண்மையில் இந்த வேறுபாடு நமக்குப் புதியதே இல்லை. ‘2019 முதல்’ என்கிறோம், ‘ஐந்து ஆண்டுகளாக’ என்கிறோம். ‘ஐந்து ஆண்டுகள் முதல்’ என்று சொல்வதில்லை. தமிழில் ‘முதல்’ அல்லது ‘இருந்து’ வரும் இடத்தில் ‘சின்ஸ்’, ‘ஆக’ வரும் இடத்தில் ‘ஃபார்’ என்று வைத்துக்கொண்டால் தவறு நேராது.

‘ஹேட்’ பற்றியும் ஒரு சொல். ‘நேற்று உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தேன்’ என்பதில் ஒரு பணிவு இருக்கிறது. ‘வந்தேன்’ என்பதைவிட ‘வந்திருந்தேன்’ மென்மையாக ஒலிக்கிறது. அந்த மென்மையை நாடித்தான் ‘ஐ ஹேட் விசிட்டட் யுவர் ஆஃபீஸ் எஸ்டர்டே’ என்று எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் ‘ஹேட்’ பணிவைக் காட்டுவதில்லை. கடந்த காலத்தில் நடந்த இரண்டு செயல்களில் முந்தியது எது என்பதை மட்டுமே காட்டுகிறது. இரண்டாவது செயல் இல்லாமல் ‘ஹேட்’ வந்தால், படிப்பவர் அந்த இன்னொரு செயலுக்காகக் காத்திருப்பார். ‘ஐ விசிட்டட்’ என்று எழுதுவதால் மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது. ‘ஐ ஆம் நோயிங்’, ‘ஐ ஆம் ஹேவிங் எ டவுட்’ என்று நிலையைக் குறிக்கும் வினைகளோடு ‘இங்’ சேர்ப்பதையும் இத்துடன் நிறுத்திவிடுங்கள். ‘எனக்கு அவரைத் தெரிந்துகொண்டிருக்கிறது’ என்று தமிழிலும் யாரும் சொல்வதில்லை.

எழுவாய்க்கும் வினைக்கும் உள்ள பொருத்தத்தில் தமிழர் தவறு செய்வது ஒரு வகையில் வியப்பானது. வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன என்று திணை, பால், எண், இடம் அனைத்தையும் வினையின் விகுதியிலேயே காட்டும் மொழியில் வளர்ந்தவர்களுக்கு, ஒரேயொரு ‘எஸ்’ எழுத்தைச் சேர்ப்பதும் நீக்குவதும் கடினமாக இருக்கக் கூடாது. (அஃறிணைப் பன்மையில் ‘கோப்புகள் வந்தது’ என்று தமிழிலேயே எழுதிவிடுகிறோம் என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.) ஆனால் உங்கள் வாக்கியத்தைப் பார்த்தால் காரணம் விளங்குகிறது: ‘தி லிஸ்ட் ஆஃப் பெண்டிங் ஃபைல்ஸ் ஆர் அட்டாச்டு.’ தமிழில் இது ‘நிலுவையிலுள்ள கோப்புகளின் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது’ என்றாகும். அடைமொழிகளெல்லாம் முன்னால் வந்துவிட, தலைமைப் பெயராகிய ‘பட்டியல்’ வினைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. பக்கத்தில் நிற்கும் பெயரோடு வினையைப் பொருத்துவது நம் காதுக்குப் பழகிய செயல். ஆங்கிலத்திலோ தலைமைப் பெயர் முதலில் வந்துவிடுகிறது. ‘ஆஃப்’ என்று தொடங்கும் வால் பின்னால் நீண்டு, ‘ஃபைல்ஸ்’ என்ற பன்மை வினையை ஒட்டி நின்றுகொள்கிறது. நம் காது ஏமாறும் இடம் இதுதான். ‘ஆஃப்’ முதல் வினைக்கு முந்திய சொல்வரை விரலால் மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள்: ‘தி லிஸ்ட் இஸ் அட்டாச்டு.’ ‘ஒன் ஆஃப் மை கொலீக்ஸ் ஹேஸ்’ என்பதும், ‘ஈச் ஆஃப் தி மெம்பர்ஸ் ஹேஸ்’ என்பதும் இதே விரலுக்குக் கட்டுப்படும். அதே சமயம், ‘ஒன் ஆஃப்’ என்பதன் பின்னால் வரும் பெயர் எப்போதும் பன்மையாகவே இருக்க வேண்டும். ‘ஒன் ஆஃப் மை கொலீக்’ என்றால் ஒரு சக ஊழியரில் ஒருவர் என்றாகிவிடும்.

‘ஏ’, ‘ஆன்’, ‘தி’ ஆகிய மூன்றும் தமிழில் இல்லை என்று எல்லா நூல்களும் சொல்கின்றன. சொற்களாக இல்லை என்பது உண்மை. ஆனால் அவை காட்டும் வேறுபாடு நம்மிடம் இருக்கிறது. ‘புத்தகம் வாங்கினேன்’ என்பதையும் ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்பதையும் சொல்லிப் பாருங்கள். முதலாவதைக் கேட்பவருக்கு எந்தப் புத்தகம் என்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. இரண்டாவதில், நாம் முன்பே பேசிக்கொண்ட அந்தப் புத்தகம் என்ற குறிப்பு ‘ஐ’ என்னும் உருபோடு வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் முதலாவது ‘எ புக்’, இரண்டாவது ‘தி புக்’. அஃறிணைப் பெயர் செயப்படுபொருளாக வரும் இடங்களில்தான் இந்த அளவுகோல் நன்றாக வேலை செய்யும் என்றாலும், அது எழுப்பும் கேள்வி எல்லா இடத்துக்கும் பொருந்தும்: நான் எதைச் சொல்கிறேன் என்று படிப்பவருக்கு ஏற்கெனவே தெரியுமா? தெரியுமென்றால் ‘தி’. தெரியாதென்றால், எண்ணக்கூடிய ஒருமைப் பெயருக்கு ‘ஏ’ அல்லது ‘ஆன்’. எண்ணக்கூடிய ஒருமைப் பெயர் ஆங்கிலத்தில் ஒருபோதும் வெறுந்தலையோடு நடமாடுவதில்லை. ‘மை’, ‘திஸ்’, ‘எவ்ரி’ போன்ற ஏதாவது ஒன்றாவது முன்னால் இருக்கும். ‘ஐ ஹேவ் கொஸ்டின்’ என்ற உங்கள் வாக்கியத்தில் குறை அதுதான். விதிவிலக்குகள் உண்டு, ‘அட் ஹோம்’, ‘பை ட்ரெயின்’ போன்ற தொடர்களில் பெயர் வெறுமனேதான் நிற்கும். அவற்றைத் தொடராகவே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

‘ஏ’ வருமா ‘ஆன்’ வருமா என்பதற்குத் தமிழ் எழுத்து கைகொடுக்கும். ஆங்கில எழுத்தைப் பார்க்காமல், அந்தச் சொல்லின் ஒலியைத் தமிழில் எழுதுங்கள். முதலெழுத்து உயிரானால் ‘ஆன்’, உயிர்மெய்யானால் ‘ஏ’. ‘அவர்’ என்று ஒலிக்கும் மணிநேரத்துக்கான சொல்லில் முதலெழுத்து உயிர், ஆகவே ‘ஆன்’. ‘யுனிவர்சிட்டி’ யகரத்தில் தொடங்குகிறது, ஆகவே ‘ஏ’. ஓர் எச்சரிக்கை மட்டும் தேவை. ‘ஒர்க்’, ‘ஒய்ஃப்’, ‘ஒன்’ என்று நாம் ஒகரத்தில் எழுதும் சொற்களும், ‘இயர்’ என்று எழுதும் ஆண்டும் ஆங்கில ஒலிப்பில் வகர, யகர ஒலியோடு தொடங்குபவை. அங்கே நம் எழுத்துவழக்கம்தான் ஏமாற்றுகிறது. அவற்றுக்கு ‘ஏ’ தான். ‘இன்ஃபர்மேஷன்’, ‘அட்வைஸ்’, ‘எக்யூப்மென்ட்’, ‘ஃபர்னிச்சர்’ ஆகியவற்றுக்கு ஆங்கிலத்தில் பன்மையும் இல்லை, ‘ஏ’ யும் இல்லை. தகவல்கள், அறிவுரைகள் என்று தமிழில் தாராளமாகச் சொல்கிறோம் என்பதால் கை தானாக ‘எஸ்’ சேர்த்துவிடும். இதை நினைவாற்றலால்தான் வெல்ல வேண்டும்.

‘ஐ வில் சென்ட் இட் டுடே இட்செல்ஃப்’ என்ற வாக்கியத்தைப் படித்தபோது, திருத்த மனமில்லாமல் சற்று நேரம் வைத்திருந்தேன். ‘இன்றே’ என்பதிலுள்ள ஏகாரத்துக்கு எத்தனை வலிமை! அந்த ஓர் எழுத்தை ஆங்கிலத்தில் கொண்டுவர வேண்டும் என்ற தவிப்பில்தான் ‘இட்செல்ஃப்’ பிறக்கிறது; ‘அவர்தான் சொன்னார்’ என்பதிலுள்ள ‘தான்’ ‘ஹி ஒன்லி டோல்ட்’ என்று உருமாறுகிறது. ஆங்கிலம் இத்தகைய அழுத்தத்தைப் பேச்சில் குரலாலும், எழுத்தில் சொல்லின் இடத்தாலும் காட்டும். ‘இட் வாஸ் ஹி ஹூ டோல்ட் மீ’ என்று அந்த ஆளை முன்னிறுத்தலாம். ‘இன்றே’ என்பதற்கு ‘டுடே’ என்பதே பெரும்பாலும் போதும். அழுத்தம் வேண்டுமானால் ‘பிஃபோர் தி எண்ட் ஆஃப் தி டே’ என்று எல்லையைச் சொல்லலாம். ‘ஒன்லி’ என்றால் ‘மட்டும்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ‘தான்’ ஆகாது.

வினையோடு வரும் சிறு சொற்களில், ‘டிஸ்கஸ் அபௌட்’ என்பதைத் திருத்தியிருக்கிறார்கள். ‘பற்றி’ என்பதன் நிழல்தான் அந்த ‘அபௌட்’. இங்கே ஓர் ஒழுங்கைக் கவனியுங்கள்: பெயராக வரும்போது துணைச்சொல் வேண்டும், வினையாக வரும்போது வேண்டாம். ‘எ டிஸ்கஷன் அபௌட்’ சரி, ‘டிஸ்கஸ் அபௌட்’ தவறு. ‘எம்ஃபசிஸ் ஆன்’ சரி, ‘எம்ஃபசைஸ் ஆன்’ தவறு. ‘எ ரிக்வெஸ்ட் ஃபார்’ சரி, ரிக்வெஸ்ட் என்பதே வினையானால் ‘ஃபார்’ வேண்டாம். மறுபுறம், ‘எக்ஸ்ப்ளெயின் மீ’ என்பதில் வேண்டிய ‘டு’ விடுபட்டிருக்கிறது. இவற்றுக்கெல்லாம் ஒரே விதி கிடையாது. ‘அவனைப் பார்த்தேன்’, ‘அவனிடம் சொன்னேன்’, ‘அவனோடு சண்டையிட்டேன்’ என்பவற்றில் எந்த வினைக்கு எந்த வேற்றுமை என்பதை நாமும் விதியால் கற்கவில்லையே. புதிய வினை ஒன்றைக் கற்கும்போது அதன் துணையோடு சேர்த்தே எழுதி வையுங்கள்.

வாக்கியங்களை இணைப்பதில்தான் உங்கள் நீண்ட வாக்கியங்கள் சிதைகின்றன. தமிழில் ‘சென்று, பார்த்து, விசாரித்து, எழுதி’ என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டே போய், இறுதியில் ஒரு முற்றுவினையால் முடித்துவிடலாம். அந்தப் பழக்கத்தில், ஆங்கிலத்தில் நான்கு முற்றுவினைகளைக் காற்புள்ளிகளால் மட்டும் இணைத்திருக்கிறீர்கள். தமிழில் காற்புள்ளி எச்சத்துக்குப் பின் வருவதால் பொருந்துகிறது. ஆங்கிலத்தில் தனித்து நிற்கக்கூடிய இரண்டு வாக்கியங்களைக் காற்புள்ளி ஒன்றினால் மட்டும் ஒட்ட முடியாது. ‘அண்ட்’, ‘பட்’, ‘சோ’ போன்ற இணைப்புச்சொல் வேண்டும், அல்லது அரைப்புள்ளி வேண்டும், அல்லது முற்றுப்புள்ளி வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்றாவதே உங்களுக்கு நல்லது. ‘ஆல்தோ’ என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் ‘பட்’, ‘பிகாஸ்’ என்று தொடங்கியதன் நடுவில் ‘சோ’ என்று இரட்டை முடிச்சுப் போடுவதும் வேண்டாம். ஒரு மூட்டுக்கு ஓர் ஆணி போதும்.

‘வாக்கிங் இன்டு தி ரூம், தி லைட்ஸ் வேர் ஆஃப்’ என்ற வகை வாக்கியம் ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களையும் வீழ்த்துவது. ஆனால் தமிழ் தெரிந்தவர் இதில் விழ வேண்டியதில்லை. ‘செய்து’ என்னும் வாய்பாட்டு எச்சம், தன்னைச் செய்த அதே வினைமுதலின் வினையைக் கொண்டுதான் முடிய வேண்டும் என்று தொல்காப்பியமே வரையறுத்திருக்கிறது. ‘அறைக்குள் நுழைந்து விளக்குகள் அணைந்திருந்தன’ என்று சொன்னால், விளக்குகளா நுழைந்தன என்று நம் காதே கேட்கும். உடனே ‘நுழைந்தபோது’ என்று மாற்றிக்கொள்வோம். ஆங்கிலத்திலும் வாக்கியத்தின் தலையில் ‘இங்’ வடிவம் வந்து காற்புள்ளி விழுந்தால், அதை ‘செய்து’ என்று படியுங்கள். அடுத்து வரும் எழுவாயே அதைச் செய்தவராக இருக்க வேண்டும். இல்லையென்றால் ‘வென் ஐ வாக்ட்’ என்று ஆளை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘ப்ளீஸ் லெட் மீ நோ வென் வில் யூ ஷிப் தி ஆர்டர்.’ தமிழில் ‘எப்போது அனுப்புவீர்கள்’ என்ற கேள்வியை அப்படியே வைத்து ‘என்று’ சேர்த்தால் போதும். ஆங்கிலத்தில் கேள்வி பெரிய வாக்கியம் ஒன்றுக்குள் அடங்கியதும் கேள்வியின் வரிசையை இழந்து சாதாரண வரிசைக்குத் திரும்பிவிடும்: ‘வென் யூ வில் ஷிப் தி ஆர்டர்.’

உங்கள் இரண்டாவது நண்பரைப் பற்றி. ‘அண்ட்’, ‘பட்’ ஆகியவற்றில் வாக்கியம் தொடங்குவது இலக்கணப் பிழையன்று. 1611இல் வெளியான ஆங்கில விவிலியத்தில் ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தைத் திறந்தால், பெரும்பாலான வசனங்கள் ‘அண்ட்’ என்றே தொடங்குவதைக் காணலாம். வாக்கியத்தின் கடைசியில் ‘ஆஃப்’, ‘வித்’ போன்ற சொற்கள் நிற்கக் கூடாது என்பதும் இத்தகைய நம்பிக்கையே. கவிஞர் ஜான் டிரைடன் 1672இல் நாடகாசிரியர் பென் ஜான்சனின் எழுத்தில் இதை ஒரு குறையாகச் சுட்டினார். ராபர்ட் லௌத் 1762இல் வெளியிட்ட இலக்கண நூலில், அத்தகைய வாக்கியம் பேச்சுவழக்குக்கு ஏற்றது, உயர்நடைக்குப் பொருந்தாது என்ற அளவில் எழுதினார். அதை எழுதிய இடத்திலேயே அவருடைய வாக்கியம் ஒன்று ‘டு’ என்று முடிகிறது. பிற்காலத்தில்தான் அது கண்டிப்பான தடையாகப் பள்ளிகளுக்குள் புகுந்தது. நீங்கள் இவற்றுக்காக அஞ்சி நேரத்தைச் செலவிட வேண்டாம். உங்கள் மேலாளர் விரும்பவில்லையென்றால் தவிர்த்துவிடுங்கள். அது அலுவலக நடைமுறை சார்ந்த முடிவு, இலக்கணத்துக்கு அதில் வேலையில்லை.

மென்பொருளை நான் வெறுப்பவன் அல்லன், நானே பயன்படுத்துகிறேன். ‘எஸ்’ விடுபட்டதையும், ‘தி’ இரண்டு முறை வந்ததையும் என் கண்ணைவிட விரைவாக அது பிடித்துவிடும். ஆனால் ‘ஐ ஸ்டாப்டு ரீடிங்’ என்றால் படிப்பதை நிறுத்தினேன். ‘ஐ ஸ்டாப்டு டு ரீட்’ என்றால் படிப்பதற்காக வேறொன்றை நிறுத்தினேன். இரண்டும் இலக்கணப்படி சரியானவை. நீங்கள் நினைத்தது எது என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும். ஆகவே முதலில் நீங்களே திருத்துங்கள், பிறகு மென்பொருளிடம் கொடுங்கள், அது சுட்டியவற்றில் ஏன் என்று உங்களுக்கு விளங்காத திருத்தங்களை மட்டும் குறித்துவையுங்கள்.

திருத்தும் முறையைச் சொல்கிறேன். எல்லாப் பிழைகளையும் ஒரே வாசிப்பில் தேடினால் எதுவும் கண்ணில் படாது. முதல் வாசிப்பில் வினைகளை மட்டும் அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றிலும் காலத்தைச் சுமப்பது ஒரு சொல்தானா, நேரச்சொல்லோடு அது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அடுத்த வாசிப்பில், ஒவ்வொரு வினையிலிருந்தும் அதன் எழுவாய்க்கு ஒரு கோடு இழுங்கள். கோடு தொடும் பெயர் எது என்பது தெரிந்தால் ‘எஸ்’ தானாகச் சரியாகும். மூன்றாவதில் வெறுந்தலையாக நிற்கும் பெயர்களைத் தேடுங்கள். அறிக்கை நீளமானால் கடைசி வாக்கியத்திலிருந்து மேல்நோக்கிப் படித்துவாருங்கள். கதையின் ஓட்டம் உங்களை இழுத்துச்செல்லாது. இவற்றோடு ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டு, நீங்கள் எழுதிய பிழையான வாக்கியம், அதன் அடியிலிருந்த தமிழ் வாக்கியம், திருத்திய வாக்கியம் என்று மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். இலக்கண நூல்களை இப்போதைக்கு மூடிவைக்கலாம். ஒரு மாதத்துக்குக் காலப் பிழைகளை மட்டும் துரத்துங்கள். உங்கள் வாக்கியங்களைப் பார்த்த அளவில், அவை குறைந்தாலே சிவப்பு மை பாதியாகிவிடும்.

14 வாக்கியங்களில் 11 பற்றித்தான் இதுவரை பேசியிருக்கிறேன். எஞ்சிய மூன்றில் இரண்டு, தமிழுக்குத் தொடர்பில்லாத எழுத்துப்பிழைகள். ‘அதனுடைய’ என்ற பொருளில் வரும் ‘இட்ஸ்’ என்பதில் அப்பாஸ்ட்ரஃபி வராது. ‘இட் இஸ்’ என்பதன் சுருக்கமாக இருந்தால்தான் வரும். ‘இழத்தல்’ என்ற பொருளுக்கு ‘லூஸ்’ என்பதை ஒரே ஒரு ‘ஓ’ இட்டு எழுத வேண்டும். இரண்டு ‘ஓ’ இட்டால் தளர்வானது என்று பொருள். ஆங்கிலேயரும் அன்றாடம் செய்யும் பிழைகள் இவை.

மீதமிருப்பது ஒன்பதாவது வாக்கியம். ‘ஆன் எம்.பி.ஏ. கேண்டிடேட்’ என்று நீங்கள் எழுதியிருக்க, ‘ஆன்’ என்பதை அடித்துவிட்டு ‘ஏ’ என்று மாற்றியிருக்கிறார்கள். ‘எம்’ எகரத்தில் தொடங்குகிறது, அது உயிர். நீங்கள் எழுதியதே சரி. மேலாளரிடம் சொல்வதா வேண்டாமா என்பதை உங்கள் முடிவுக்கே விட்டுவிடுகிறேன்.